எங்கிருந்து வந்தது? இஸ்திரிப் பலகை

வீட்டில் புழங்கும் பொருள்களின் பிறப்பும் வளர்ச்சியும் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் சொல்லி வருகிறோம். இஸ்திரிப் பலகை பற்றிக் கேட்டவர்கள் அதிகம் என்பதால், இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டியின் வரலாற்றைப் பலரும் எழுதுகிறார்கள். பெட்டிக்குக் கீழே கிடக்கும் பலகையைப் பற்றி யாரும் பேசுவதில்லையே. அதை முதலில் செய்தது யார்?
– வாசகி, ஸ்கூடாய்

பதில்: இன்னார்தான் என்று ஒருவரைச் சுட்ட முடியாது அம்மா. துணியின் சுருக்கத்தை எடுக்கத் தட்டையான தளம் வேண்டும் என்பதைப் பல நாட்டு மக்களும் தனித்தனியே கண்டுகொண்டார்கள். நார்வேயில் வைக்கிங் காலத்துப் பெண்களின் கல்லறைகளிலிருந்து திமிங்கல எலும்பில் செதுக்கிய பலகைகள் எடுக்கப்பட்டுள்ளன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் ஸ்கார் என்னும் இடத்திலும் 1991இல் அப்படி ஒன்று கிடைத்தது. அதன் மேல்முனையில் இரண்டு டிராகன் தலைகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கின்றன. லினன் துணியை இதன்மேல் விரித்துக் கண்ணாடிக் குண்டால் அழுத்தித் தேய்த்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பலகையே இல்லாமலும் தேய்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பட்டோவியம் ஒன்று உள்ளது. வரைந்தவர் சோங் வம்சத்துப் பேரரசர் ஹுயிசோங் என்று சொல்லப்படுகிறது. புதிதாக நெய்த வெண்பட்டின் இரு முனைகளையும் பெண்கள் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்திருக்க, தணல் நிரம்பிய சட்டியை ஒருத்தி துணிமேல் நகர்த்துகிறாள். விறைத்து நிற்கும் பட்டுக்கு அடியில் சின்னப் பெண் ஒருத்தி புகுந்து விளையாடுகிறாள். ஒரு துணியைத் தேய்க்க எத்தனை கைகள் தேவைப்பட்டன பாருங்கள்! இஸ்திரிப் பலகை என்பது அந்தக் கைகளுக்குக் கிடைத்த விடுதலை. அதன் கதையில் பிறகு வந்த மாற்றங்களும் தேய்ப்பவரின் பாட்டைக் குறைக்க வந்தவைதாம்.

கேள்வி: பள்ளியில் நடந்த பொது அறிவுப் போட்டியில் "இஸ்திரிப் பலகையைக் கண்டுபிடித்தவர் சாரா பூன்" என்பதைச் சரியான விடையாக அறிவித்தார்கள். அது சரிதானா, ஐயா?
– படிவம் 2 மாணவர், சிகாமட்

பதில்: பாதி சரி, தம்பி. சாரா பூனுக்கு முன்பே அமெரிக்காவில் இஸ்திரி மேசைக்குக் காப்புரிமை வழங்கியிருக்கிறார்கள். வாண்டன்பர்க், ஹார்வி என்ற இருவர் 1858இல் பெற்றார்கள். மேசையோ காப்புரிமையோ எட்டாத வீடுகளில் இரண்டு நாற்காலிகளின் முதுகின்மேல் ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டுத் தேய்த்தார்கள்.

சாரா பூன் செய்த வேலை வேறு. 1832இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். பின்னாளில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் குடியேறி, உடை தைத்துப் பிழைத்தார். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் ரவிக்கை இடுப்பை ஒட்டிப் பிடிக்கும். கையும் தோளும் வளைவு வளைவாக வெட்டித் தைத்திருக்கும். தட்டையான மேசையில் போட்டால் ஒரு பக்கத்துச் சுருக்கம் போகும், மறுபக்கத்தில் புதிய மடிப்பு விழும். தைப்பவருக்குத்தான் அந்த அவதி தெரியும். சட்டையின் கைக்குள் நுழையும்படி ஒடுக்கமாகவும், தையலின் வளைவுக்கு ஏற்ற வளைவோடும் அவர் ஒரு பலகையை வடிவமைத்தார். திருப்பிப் போட்டால் மறுகைக்கும் பயன்படும். வேலை முடிந்ததும் காலை மடக்கி வைத்துவிடலாம். 1892 ஏப்ரல் 26ஆம் தேதி 473653 என்ற எண்ணில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் சில கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். 1904இல் மறைந்தார்.

ஆகவே அடுத்த முறை "மேம்படுத்தியவர்" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பலகையின் ஒரு முனை ஏன் ஒடுங்கியிருக்கிறது என்று கேட்டால், சட்டையின் தோளையும் பாவாடையின் இடுப்பையும் அதில் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பதற்காக என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஜோகூர் பாரு பழைய நகரில் ஜாலான் டோபி என்று ஒரு தெரு இருக்கிறது. நம்மவர்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், தம்போய்

பதில்: உண்டு. ஜாலான் டான் ஹியோக் நீயை ஒட்டிய அந்தத் தெருவில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் கடை நடத்தினார்கள். இன்று காப்பிக் கடைகளுக்கும் சுவர் ஓவியங்களுக்கும் கூட்டம் கூடும் இடமாகிவிட்டாலும், தெருவின் பெயர்ப் பலகை அவர்களை மறக்கவில்லை. பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரில் டோபி காட் இருக்கிறது. பிராஸ் பாசா ஓடையில் துவைத்து அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்திய சலவையாளர்களால் அந்த இடம் அந்தப் பெயர் பெற்றது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில் இருப்பதை நம்மவர்கள் வண்ணாந்துறை என்றே சொல்வார்கள்.

இந்தத் தொழிலாளர்களின் கையில் இருந்தது கரிப்பெட்டி. மூடியின் கொக்கியில் பித்தளைச் சேவல் உட்கார்ந்திருக்கும் பெட்டியைப் பழம்பொருள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்களும் அதைச் சேவலை வைத்தே அடையாளம் சொல்வார்கள். சிரட்டைக்கரியைக் கனியவிட்டுப் பெட்டிக்குள் போட்டு, சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழாமல் தேய்ப்பது ஒரு கலை. தோட்டத்து லயங்களில் பலகை ஏது? சிமெண்டுத் தரையில் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, மேலே வேட்டித் துணியை விரித்தால் அதுதான் பலகை. அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமும் உண்டு. கம்பளி மெத்தென்று இருப்பதால் பொத்தானும் தையலும் அதற்குள் அமுங்கும். துணியின் மேற்பரப்பு சமமாகத் தேயும். இன்று பலகை உறைக்கு அடியில் ஃபெல்ட் மெத்தை வைப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கேள்வி: தமிழ்நாட்டில் தள்ளுவண்டியில் இன்னும் கரிப்பெட்டிதானா?
– வாசகி, மூவார்

பதில்: பல ஊர்களில் அப்படித்தான். தெருமுனை மரத்தடியில் வண்டி நிற்கும்; வண்டியின் மேல்தட்டே பலகை. நாள் முழுக்க நின்றபடி கனமான பெட்டியை இழுப்பவர் கரிப்புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தம் தெருவில் தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அப்போது அவர் பள்ளி மாணவி. ஐந்து மணி நேர நல்ல வெயில் ஆறு மணி நேரத் தேய்ப்புக்குப் போதும் என்பது அவர் கணக்கு. 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் மேடையிலும் பேசினார். தேய்ப்பவரை அருகில் போய்ப் பார்த்த ஒரு பெண்ணிடமிருந்து இந்த வண்டி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: தேய்த்து மடித்து அலமாரியில் வைத்த சட்டையை அடுத்த நாள் எடுத்தால் மறுபடி சுருக்கம். பலகை சரியில்லையா, பெட்டி சரியில்லையா?
– வாசகர், குளுவாங்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், அவசரந்தான் காரணம். பருத்தி இழையின் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் தளர்கின்றன. பெட்டியின் கனம் இழையை நேராக்குகிறது. ஈரம் காய்ந்து சூடு தணியும்போதுதான் பிணைப்புகள் புதிய நிலையில் இறுகும். சூடு ஆறுவதற்குள் மடித்தால், மடித்த கோணத்திலேயே இறுகிவிடும். தேய்த்த சட்டையை ஹேங்கரில் மாட்டி நன்றாக ஆறவிடுங்கள்.

பலகையிலும் ஒன்றைப் பாருங்கள். நீராவிப் பெட்டி வைத்திருந்தால் ஆவி கீழே இறங்கி வெளியேற வழி வேண்டும். தளம் கம்பிவலையாக இருந்தால் வெளியேறும். அடைத்த மரத்தளமாக இருந்தால் மெத்தைக்குள் தங்கி, தேய்த்த துணிக்கே திரும்பும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் போதாதா, பலகையும் வேறு சேர்க்க வேண்டுமா?

துணியில் தைத்திருக்கும் பட்டியில் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. அந்த அளவைத் தாண்டக் கூடாது. பருத்தி பெரும்பாலும் மூன்று புள்ளி தாங்கும். பாலியஸ்டர் கலந்த பள்ளிச் சீருடைக்கு இரண்டு போதும். பட்டுச்சேலையை உள்புறம் திருப்பி, சரிகைமேல் மெல்லிய பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும்.

கேள்வி: பலகையின் உறையில் பழுப்புக் கறை, ஓரத்தில் கரும்புள்ளி, காலில் துரு. வாங்கி அதிக நாள்கூட ஆகவில்லை. எப்படிப் பராமரிப்பது?
– வாசகி, பத்து பகாட்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு அம்மா.

பழுப்புக் கறை பெரும்பாலும் கஞ்சி. கஞ்சி போட்ட வேட்டியையோ சட்டையையோ தேய்க்கும்போது மாவுச்சத்து உறையில் ஒட்டிக் கருகும். அடுத்து வரும் வெள்ளைச் சட்டையில் அது ஏறும். கஞ்சித் துணிகளைக் கடைசியில் தேயுங்கள். அல்லது அவற்றுக்கென்று ஒரு பழைய பருத்தித் துணியை மேலே விரியுங்கள். பெட்டியின் அடிப்பரப்பையும் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உறையைக் கழற்றி அவ்வப்போது துவையுங்கள். கழற்றுவதற்கு முன் ஓரத்துக் கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் மறுபடி மாட்டுவது எளிது. மெத்தை நைந்து, கம்பிவலையின் அச்சு துணியில் விழத் தொடங்கினால் மெத்தையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். பலகையை மாற்ற வேண்டியதில்லை.

கரும்புள்ளி பூஞ்சை. தேய்த்து முடித்த உடனே மடக்கிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினால், மெத்தையில் தங்கிய ஆவி உலர வழியில்லை. கொஞ்ச நேரம் விரித்தபடியே காற்றாட விட்டு, பிறகு மடக்குங்கள். குளியலறைச் சுவரை ஒட்டியும் துவைக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். ஆண்டுக் கடைசியில் மழை அடித்து ஊற்றும் மாதங்களில், வெயில் கண்ட நாளில் உறையையும் மெத்தையையும் வெளியில் காயப் போடுங்கள்.

துரு, கால்கள் குறுக்கே சேரும் ஆணியில்தான் தொடங்கும். அங்கே தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கால் நுனி ரப்பர் கழன்று விழுந்திருந்தால் உடனே வேறு வாங்கிப் போடுங்கள். ரப்பர் இல்லாத கால் ஓட்டுத்தரையில் வழுக்கும். மேலே இருப்பது கொதிக்கும் பெட்டி. வெள்ளத்தில் நனைந்த பலகையைக் கழுவி உலர்த்திப் பயன்படுத்தலாம். தண்ணீரில் மூழ்கிய மின்பெட்டியை மட்டும் மீண்டும் மின்சாரத்தில் செருகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக நல்ல பலகை வாங்கலாம் என்றிருக்கிறேன். அடுக்குமாடி வீடு, இடம் குறைவு. அம்மா இதுவரை தரையில் உட்கார்ந்துதான் தேய்த்திருக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மாசாய்

பதில்: முதலில் அம்மாவின் முழங்காலைக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து எழ அவருக்குச் சிரமம் இல்லை என்றால், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குட்டைக்கால் பலகையே போதும். விலை குறைவு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். எழும்போது சுவரைப் பிடிக்கிறார் என்றால் நெடுங்கால் பலகைதான் சரி. அதிலும் தாழ்த்தி வைக்கும் வசதி இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்தும் தேய்க்கலாம்.

கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். பலகையை விரித்து, அவர் நேராக நிற்கட்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே பலகை இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும். குறைந்தால் இடுப்பு பிடிக்கும். அடுத்து, இரண்டு கையாலும் ஒடுங்கிய முனையை அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அதை விட்டுவிடுங்கள். கால் தானாக மடங்காதபடி பூட்டு இருக்கிறதா, அந்தப் பூட்டை அம்மாவின் விரல் எளிதாக எடுக்கிறதா என்று பாருங்கள். பெட்டி வைக்கும் தாங்கி உங்கள் வீட்டுப் பெட்டியின் அடி முழுவதையும் தாங்க வேண்டும்.

அகலத்தில் சிக்கனம் வேண்டாம். 30 சென்டிமீட்டர் பலகையில் ஐந்தரை மீட்டர் சேலையை எத்தனை தடவை இழுத்துப் போடுவது? சேலை, வேட்டி, பாஜு கூரோங் தேய்க்கும் வீட்டுக்கு ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் வசதி. மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்கும். ஆனால் அகலத்தோடு கனமும் கூடும். அம்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பலகையோடு மின் இணைப்புப் பெட்டி வந்தால் சிரிம் (SIRIM) தர முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தாலும், இஸ்திரிப் பெட்டியைச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுவதே நல்லது.

பளபளக்கும் வெள்ளிப்பூச்சு உறையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அது சூட்டைத் துணிக்கே திருப்பி அனுப்புவதால் வேலை சீக்கிரம் முடியும்; நீராவி அதிகம் விடுபவர்களுக்குப் பருத்தி உறை நல்லது. எதை எடுத்தாலும் அடியில் மெத்தை தடிப்பாக இருக்கட்டும்.

பரிசு கொடுத்ததோடு உங்கள் பங்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள், தம்பி. உயரத்தை மாற்றும் பிடி எதற்கு இருக்கிறது? வீட்டில் இன்னொருவரும் நின்று தேய்ப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை அதை உங்கள் உயரத்துக்கு ஏற்றி, அந்த வாரத்துச் சட்டைகளை நீங்களே தேய்த்துவிடுங்கள்.