செல்லுக்குள் ஒரு அணைக்கட்டு

இந்தக் கட்டுரை ஒரு மோட்டாரைப் பற்றியது. நம்ம மெஷின்ஸ் லேபில் இருக்கிற மோட்டார் இல்ல. இதைப் படிச்சிட்டு இருக்கிற உங்க உடம்புக்குள்ள இந்த நொடியில கோடிக்கணக்கில் சுத்திட்டு இருக்கிற மோட்டார். வெளியே நிக்கிற வேப்பமரத்தோட இலைக்குள்ளயும் அதே மோட்டார்தான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுடுவோம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடுறார்னு வைங்க. ஜூலுக்கு மாத்தினா சுமார் 84 லட்சம் ஜூல். அதை 86,400 நொடியால வகுத்தா 97 வாட் வரும். அதாவது ஒரு மனுஷன் சுமாரா ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு. இவ்ளோதானான்னு தோணும். ஆனா 60 கிலோ ஆளுக்கு இது கிலோவுக்கு 1.6 வாட். சூரியன் வெளியிடுற மொத்த ஆற்றலை அதோட எடையால வகுத்துப் பாருங்க, கிலோவுக்கு 0.0002 வாட்கூட வராது. எடைக்கு எடை பார்த்தா நாம சூரியனைவிட சுமார் 8000 மடங்கு. ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக் கிடக்கும்போதும் இதே கதைதான்.

இந்த ஆற்றல் நேரடியா குளுக்கோஸில் இருந்து தசைக்குப் போறது இல்ல. டவுன் பஸ்ல 500 ரூபாய் நோட்டை நீட்டினா கண்டக்டர் எப்படிப் பார்ப்பார்? செல்லும் அப்படித்தான். குளுக்கோஸ் பெரிய நோட்டு. செல்லுக்குள்ள எந்த வேலை நடக்கணும்னாலும் சில்லறை வேணும். அந்தச் சில்லறைக்குப் பேருதான் ஏடிபி. அதுல மூணு பாஸ்பேட் இருக்கும். ஒண்ணு கழண்டா ஆற்றல் கிடைக்கும், மிச்சம் ஏடிபி ஏடிபின்னு நிக்காம ஏடிபி-யில இருந்து 'ஏடிபி காலி' ஆயிடும். இந்தக் காலியான மூலக்கூறுக்குப் புத்தகத்துல அடினோசின் டைபாஸ்பேட்னு பேரு. நாம சுருக்கமா 'காலி ஏடிபி'ன்னே சொல்லிக்குவோம். அதுல பாஸ்பேட்டை மறுபடி ஒட்டவச்சா ரீசார்ஜ்.

எவ்வளவு ரீசார்ஜ் தேவைப்படும்? சாப்பிட்டது மொத்தமும் குளுக்கோஸ்னே வச்சுக்குவோம். ஒரு மோல் குளுக்கோஸ் எரிஞ்சா 686 கிலோ கலோரி. அப்போ 2000-க்கு 2.9 மோல். ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி, ஆக 87 மோல். ஒரு மோல் ஏடிபி 507 கிராம். பெருக்கினா 44 கிலோ! ஒரு நாளைக்கு. ஆனா எந்த நேரத்துல பார்த்தாலும் உடம்புல மொத்தமா இருக்கிற ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே நாள்ல நூத்துக்கணக்கான தடவை காலியாகி, ரீசார்ஜ் ஆகி, திரும்பக் காலியாகுது.

இந்த ரீசார்ஜ் எப்படி நடக்குது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 1950-களில் பெரிய பெரிய லேப் எல்லாம் திணறிட்டு இருந்தது. கதையோட முதல் பாதி அப்பவே தெரியும். குளுக்கோஸ் முதல்ல செல்லோட சைட்டோபிளாசத்துல ரெண்டா உடையும். அப்போ நிகரமா 2 ஏடிபி கிடைக்கும், அவ்வளவுதான். மிச்சம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் கிரெப்ஸ் சுழற்சியில சின்னாபின்னமாகி, கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிடும். கையில மிஞ்சுறது ஆற்றல் நிறைஞ்ச எலக்ட்ரான்கள். அதை என்ஏடிஹெச்னு ஒரு மூலக்கூறு சுமந்துட்டு வந்து, மைட்டோகாண்ட்ரியாவோட உள் சவ்வுல இருக்கிற புரதங்களிடம் கொடுக்கும். எலக்ட்ரான் ஒரு புரதத்துல இருந்து அடுத்ததுக்குப் படிப்படியா இறங்கி, கடைசியில ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். அங்க தண்ணீர் உருவாகும். நாம மூச்சு விடுறதே இந்தக் கடைசிப் படியில எலக்ட்ரானை வாங்கிக்க ஒரு ஆள் வேணும்ங்கிறதுக்காகத்தான்.

சரி, எலக்ட்ரான் இறங்குது, ஏடிபி உருவாகுது. நடுவுல என்ன? எல்லாரும் வேதியியல் கண்ணோட பார்த்தாங்க. நடுவுல ஏதோ ஒரு உயர் ஆற்றல் சேர்மம் இருக்கணும், அது எலக்ட்ரான் கிட்ட ஆற்றலை வாங்கி ஏடிபிக்குக் கொடுக்கணும்னு நம்பி அதைத் தேடினாங்க. வருஷக்கணக்கா தேடியும் சிக்கல.

1961-ல பீட்டர் மிட்செல்ங்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒரு சேர்மமே கிடையாதுன்னார். எலக்ட்ரான் படியிறங்கும்போது கிடைக்கிற ஆற்றலை வச்சு, அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வோட ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்குப் பம்ப் பண்ணுது. ஒரு பக்கம் புரோட்டான் குவியும். குவிஞ்சது திரும்பி வரத் துடிக்கும். வர்ற வழியில ஏடிபி செய்யும் நொதி இருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர் ஆளுக்கு இது புரியாம இருக்காது. வால்பாறைப் பக்கம் காடம்பாறையில 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கே. மின்சாரம் மிச்சமா இருக்கிற நேரத்துல தண்ணியைக் கீழிருந்து மேல அணைக்கு ஏத்தி வைப்பாங்க. தேவைப்படும்போது திறந்துவிட்டா டர்பைன் சுத்தும். மிட்செல் சொன்னது இதே ஐடியாதான். தண்ணிக்குப் பதில் புரோட்டான், அணைச் சுவருக்குப் பதில் கொழுப்பாலான சவ்வு.

சுவர் எவ்வளவு தடிமன்? சுமார் 5 நானோமீட்டர். அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற மின்னழுத்த வித்தியாசம் ஏறக்குறைய 150 மில்லிவோல்ட். ஒரு பென்சில் பேட்டரியில பத்துல ஒரு பங்கு, சிரிப்பா இருக்கும். வகுத்துப் பாருங்க: மீட்டருக்கு 3 கோடி வோல்ட். ஹை வோல்டேஜ் பேப்பர் எழுதின இஇஇ நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும், காத்து உடைஞ்சு தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைவிடப் பத்து மடங்கு புலத்தை இந்தச் சவ்வு நாள் முழுக்கத் தாங்கிட்டு நிக்குது.

மிட்செலை அப்போ நிறையப் பேர் நம்பல. உடம்பு சரியில்லாம எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கிற கார்ன்வாலில் ஒரு பாழடைஞ்ச பழைய மாளிகையைச் சரிபண்ணி, அதுலயே லேப் வச்சு, ஜெனிஃபர் மொயிலுடன் சேர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார். தன்னோட கொள்கையை விரிவா எழுதி, அங்கிருந்தே புத்தகமா வெளியிட்டு மத்த விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். பணம் குடும்பச் சொத்துல இருந்து வந்தது, அதையும் சொல்லிடணும். எல்லாருக்கும் இப்படி வசதி அமையாது.

அவர் பக்கம் காத்து திரும்பக் காரணம், மைட்டோகாண்ட்ரியா இல்ல, கீரை. இங்கதான் ஒளிச்சேர்க்கை உள்ள வருது. குளோரோபிளாஸ்டுக்குத் தமிழ்ல பசுங்கணிகம்னு பேரு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இந்த வார்த்தை இதை எழுத உக்காந்தப்போதான் தெரியும், ஆனா ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பசுங்கணிகத்துக்குள்ள தைலகாய்டுன்னு தட்டையான பைகள் அடுக்கடுக்கா இருக்கும். சூரிய ஒளி அங்க இருக்கிற பச்சையத்துல விழுந்தா எலக்ட்ரான் மேல எகிறும். போன எலக்ட்ரானுக்குப் பதிலைத் தண்ணீரை உடைச்சு எடுத்துக்கும். நாம சுவாசிக்கிற ஆக்சிஜன் அந்தத் தண்ணீர்ல இருந்து வந்த கழிவு, கார்பன் டை ஆக்சைடுல இருந்து வந்தது இல்ல. எகிறின எலக்ட்ரான் படியிறங்கும்போது புரோட்டான்கள் தைலகாய்டு பைக்குள்ள குவியும். ஆக, ஆற்றல் வர்ற இடம்தான் வேற. அணை ஒண்ணுதான்.

1966-ல ஆண்ட்ரே யாகெண்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் இதைச் சோதிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலக்கீரையோட பசுங்கணிகத்தைப் பிரிச்செடுத்து, இருட்டுல, பிஹெச் 4 இருக்கிற அமிலத்துல கொஞ்ச நேரம் ஊறவச்சாங்க. பைகளுக்குள்ள அமிலம் ஏறிடுச்சு. அப்புறம் டக்குனு பிஹெச் 8 கரைசலுக்கு மாத்தி, கூடவே காலி ஏடிபியும் பாஸ்பேட்டும் சேர்த்தாங்க. ஏடிபி உருவாச்சு! வெளிச்சமே இல்ல. எலக்ட்ரான் ஓட்டமே இல்ல. உள்ள புரோட்டான் அதிகம், வெளிய கம்மி, அது மட்டும் போதுமா இருந்தது.

இதைத் தூக்கிச் சாப்பிடுற சோதனை 1974-ல வந்தது. எஃப்ரெய்ம் ராக்கர், வால்டர் ஸ்டோகினியஸ் ரெண்டு பேரும் சோயாபீன் கொழுப்புல குட்டிக் குட்டிக் குமிழ்கள் செஞ்சாங்க. உப்பளத்துல வாழுற ஒரு நுண்ணுயிர்ல இருந்து, ஒளி பட்டா புரோட்டானைப் பம்ப் பண்ற புரதத்தை எடுத்து அதுல பதிச்சாங்க. மாட்டோட இதயத்துல இருந்து ஏடிபி செய்யும் நொதியை எடுத்து அதையும் பதிச்சாங்க. லைட்டைப் போட்டா ஏடிபி. மூணு உயிருக்கும் ஒண்ணுக்கொண்ணு எந்தச் சம்பந்தமும் இல்ல, புரோட்டான் ஒண்ணுதான் பொது. 1978-ல மிட்செலுக்கு வேதியியல் நோபல், தனியா அவருக்கு மட்டும்.

இப்போ மோட்டாருக்கு வருவோம். ஏடிபி செய்யும் அந்த நொதிக்கு ஏடிபி சிந்தேஸ்னு பேரு. அது நிஜமாவே சுத்துது, உவமைக்காகச் சொல்லல. சவ்வுக்குள்ள ஒரு வளையம் ரோட்டர் மாதிரி இருக்கு. ஒவ்வொரு புரோட்டானும் வந்து ஒரு பல்லுல உக்காந்து வளையத்தைத் தள்ளிட்டு மறுபக்கம் இறங்கும். வளையத்தோட நடுவுல ஒரு கோணலான தண்டு, அதாவது ஷாஃப்ட். தண்டு சுத்தும்போது மேல இருக்கிற தலைப்பகுதியை மூணு இடத்துல மாறி மாறி நெருக்கும். ஒவ்வொரு நெருக்கலுக்கும் ஒரு ஏடிபி, ஒரு முழுச் சுத்துக்கு மூணு. பால் பாயர் இப்படித்தான் இருக்கணும்னு சொன்னார், ஜான் வாக்கர் 1994-ல அதோட வடிவத்தை எக்ஸ்ரே படிகவியல் மூலமா காட்டினார். 1997-ல ரெண்டு பேருக்கும் நோபல். அதே வருஷம் ஜப்பானில் நோஜி, யோஷிதா, கினோசிதா குழு அந்தத் தண்டோட நுனியில ஒளிரும் ஒரு இழையை ஒட்டவச்சு, ஏடிபி கொடுத்து மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டி, மைக்ராஸ்கோப்ல அது சுத்துறதைக் கண்ணால பார்த்தாங்க. ஏடிபி குறைவா இருந்தா 120 டிகிரி, 120 டிகிரியா நின்னு நின்னு சுத்தும். ஸ்டெப்பர் மோட்டார் மாதிரியேதான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தீனி: கியர் ரேஷியோ. மாட்டோட மைட்டோகாண்ட்ரியாவில் இந்த வளையத்துக்கு 8 பல். பாலக்கீரையோட பசுங்கணிகத்துல 14. சுத்துக்கு மூணு ஏடிபிங்கிறது ரெண்டுக்கும் பொது. அப்போ மாட்டுக்கு ஒரு ஏடிபிக்கு 2.7 புரோட்டான், கீரைக்கு 4.7. கீரையோடது லோ கியர். புரோட்டான் அதிகம் செலவாகும், ஆனா அழுத்தம் கம்மியா இருந்தாலும் ஏடிபி செஞ்சிடும். பள்ளிக்கூடத்துல ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபின்னு மனப்பாடம் பண்ணியிருப்போம், இப்போ புத்தகங்கள் 30 இல்ல 32-ன்னு சொல்லுது. காரணமும் இதுதான். இது முழு எண் வர்ற ரசாயனச் சமன்பாடு இல்ல, அணையில இருந்து ஓடுற தண்ணி. கொஞ்சம் வேற வேலைக்குப் போகும், கொஞ்சம் கசியும்.

கசிவுன்னதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. நான் இந்தத் தலைப்பை எடுத்ததுக்கே காரணம் அதுதான். அணையில ஓட்டை போட்டா என்ன ஆகும்? புரோட்டான் டர்பைன் வழியா வராம ஓட்டை வழியா வந்துடும். ஏடிபி கிடைக்காது, ஆற்றல் முழுக்கச் சூடாயிடும். பச்சைக் குழந்தைகளோட பழுப்புக் கொழுப்புல உடம்பே இதை வேணும்னு செய்யுது. அங்க ஒரு புரதம் ஷட்டர் மாதிரி திறந்து மூடும், குளிருல குழந்தை கதகதப்பா இருக்கும்.

ஷட்டர் இல்லாத ஓட்டைதான் டைநைட்ரோபீனால், சுருக்கமா டிஎன்பி. மஞ்சள் தூள். முதல் உலகப் போர்ல பிரான்ஸ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இது பயன்பட்டது. அங்க வேலை பார்த்தவங்க மெலிஞ்சாங்க, வேர்த்தாங்க, சிலர் இறந்தும் போனாங்க. மெலிஞ்சாங்கங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, 1933-ல இருந்து அமெரிக்காவில் இதை எடை குறைக்கும் மாத்திரையா வித்தாங்க. பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தாங்க. 1938-ல அங்க அதை மனுஷன் சாப்பிடத் தகுதியில்லாததுன்னு தள்ளிட்டாங்க. ஆனா இன்னைக்கும் இணையத்துல 'ஃபேட் பர்னர்'னு விக்கிறாங்க. உடற்பயிற்சி செய்ற இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள்னு உயிர் போயிருக்கு. பிரிட்டன் 2023-ல இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷங்களோட பட்டியல்ல சேர்த்தது.

அது கொல்லுற விதம் இதுவரை படிச்சதுலயே இருக்கு. டிஎன்பி கொழுப்புல கரையும். சவ்வுக்குள்ள நுழைஞ்சு, ஒரு பக்கம் புரோட்டானைப் பிடிச்சு, மறுபக்கம் விட்டுட்டு, திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்கும். அணை வடியும். ஏடிபி குறையுதேன்னு செல் பதறி இன்னும் வேகமா கொழுப்பையும் குளுக்கோஸையும் எரிக்கும். 100 வாட் பல்பு 150, 200-ன்னு ஏறும், சூடு வெளிய போக வழி போதாது. காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் போட்டா கேக்காது. ஏன்னா சாதாரணக் காய்ச்சல்ல மூளைதான் தெர்மோஸ்டாட்டை ஏத்தி வைக்குது, பாராசிட்டமால் அதைக் கீழ இறக்கும். இங்க தெர்மோஸ்டாட் சரியாத்தான் இருக்கு, உடம்பு முழுக்க இருக்கிற மைட்டோகாண்ட்ரியா கொதிக்குது. மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில உடம்பைக் குளிர்விச்சுக் காத்திருக்கத்தான் முடியும்.

ஜிம் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது பேர் இல்லாத மஞ்சள் கேப்சூல் பற்றிப் பேசினா, 'டிஎன்பி இருக்கா'ன்னு கேளுங்க. ஏற்கனவே ஒருத்தர் போட்டுட்டு, வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, உடம்பு அனலா கொதிக்குதுன்னா, ஃபேன் போட்டுப் படுக்க வைக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க, மிச்ச கேப்சூலைக் கையோட எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது வேணும்.