செம்புக் கல்லை உடைத்தல்

மாமல்லபுரஞ் செல்வோர் சிற்பங்களைக் கண்டு மீள்வர். சிற்பமில்லாத பாறைகளிலும் நாம் கற்க வேண்டியது உண்டு. அவற்றுட் சிலவற்றின்மீது உளியால் தோண்டிய சிறு குழிகள் ஒரே வரிசையாய் நிற்கக் காண்கிறோம். அக்குழிகளில் ஆப்பிறுக்கி, வரிசை வழியே கல்லைப் பிளப்பது கற்றச்சர் வழக்கம். அவர்க்குக் கல் சிதையாமல் வேண்டும். செம்பெடுப்போர்க்கோ அது மாவாதல் வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையில் செம்புச் சுரங்கமில்லை. மத்தியப் பிரதேசத்து மலாஞ்சுகண்டுச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்குக் கல்லில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கே செம்பு. அதுவும் கந்தகத்தோடும் இரும்போடும் கூடிய மஞ்சள் நிற மணிகளாய் வெண்கல்லினுள் சிறைப்பட்டிருக்கிறது. அம்மணிகளை விடுவிக்கவே கல்லை உடைக்கிறார்கள்.

முதலில் உடைப்பதற்குரிய தாடை யந்திரத்திற்கு அமெரிக்கராகிய ஈலை விட்னி பிளேக் என்பார் 1858-இல் காப்புரிமை பெற்றார். அவர் கருதியது சாலைக்குச் சல்லி உடைத்தலே; சுரங்கத்தார் பின்னர் அதனைக் கைக்கொண்டனர். அசையாத தாடையொன்று, அதனை நெருங்கியும் விலகியும் அசையும் தாடையொன்று. இவற்றின் நடுவே விழுங் கல் நொறுங்கிக் கீழே இறங்கும். நம் பக்கத்துக் கருங்கல் ஆலைகளிலும் இவ்வினத்து யந்திரத்தைக் காணலாம்.

நொறுங்கிய கல், எஃகுக் குண்டுகளிட்டுச் சுழலும் உருளையில் நீரோடு அரைபடுகிறது. பின்பு மருந்திட்டுக் காற்றூதினால், செம்பு மணிகள் குமிழிகளைப் பற்றி நுரையோடு மிதக்க, வெறுங்கல் தங்கிவிடும். ஆனால் அரைக்கும் பதம் அறிதல் அரிது. கரகரப்பாயின் மணி கல்லை விட்டுப் பிரியாது. மிக நைந்தாலோ குமிழியில் ஒட்டாமல் வீணாவதோடு மின்சக்தியும் விரயமாம். இட்டலிக்கு அரிசியையும் உளுந்தையும் வேறு வேறு பதத்தில் அரைக்கும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு இது விளக்க வேண்டுவதன்று.

நீரோடு அரைக்குமிடத்தில் புழுதி எழாது. உலர்ந்த கல் தாடையில் விழுமிடமும், வார்ப்பட்டையிலிருந்து கொட்டுமிடமுமே அஞ்சத்தக்கவை. வெண்கல்லின் நுண்பொடி, கண்ணுக்குப் புலனாகாத அளவினது, நுரையீரலில் தங்கித் தழும்புண்டாக்கும், அத்தழும்பு மாறுவதில்லை. சிலிகோசிஸ் என்னும் இந்நோய் பல்லாண்டு வேலை செய்தபின்னரே பெரும்பாலும் வெளிப்படுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் மின்சாரச் சக்கரத்தால் கல்லை உலர்வாய் அறுப்போர்க்கும் இவ்வபாயம் உண்டு. முகத்திற் கட்டிய துண்டு பெரும்பொடியைத் தடுக்குமேயன்றி நுண்பொடியைத் தடுக்காது. யந்திரத்தின் வாயிலும் சக்கரத்தின் விளிம்பிலும் இடையறாது நீர் விழச்செய்தால், பொடி எழும்பும் இடத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.