மாசி மாதத்தில் வீட்டுத் தோட்டம்

டெல்லியில் மயூர் விஹார் என்று ஓர் இடம் இருக்கிறது. யமுனை ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மயூர் என்றால் மயில். விஹார் என்றால் வாழும் இடம். இப்போது அங்கே வரிசை வரிசையாக மாடி வீடுகள்தான். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் சமையல் வேலை, பாத்திர வேலை செய்து பிழைக்கும் நம் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பக்கத்தில் திரிலோக்புரியில் குடியிருக்கிறார்கள்.

நான் வாரத்தில் மூன்று நாள் மாலையில் அங்கே தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வகுப்பில் பத்துப் பெண்கள். அவர்களில் ஓர் அக்காவின் கறிவேப்பிலைச் செடியில் இந்தப் பாடம் தொடங்குகிறது.

செடி செத்துவிட்டதா?

அக்காவின் ஊர் விழுப்புரம் பக்கம். ஒருமுறை ஊருக்குப் போனபோது வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கன்றை எடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றினார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டார். அது இடுப்பு உயரம் வளர்ந்தது.

தை மாதம் வந்தது. இலை எல்லாம் பழுத்து உதிர்ந்தது. குச்சி மட்டும் நின்றது. அக்கா வகுப்பில் வந்து சொன்னார்:

"செத்துப் போச்சு டீச்சர். பிடுங்கிப் போட்டுட்டு அந்த டப்பாவுல வெண்டை போடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாதீங்க அக்கா. நகத்தால பட்டையை லேசாச் சுரண்டிப் பாத்தீங்களா?"

அன்று வகுப்பு முடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம். அக்கா நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்களும் இப்படிச் சோதிக்கலாம். பட்டைக்குக் கீழே பச்சையாக, ஈரமாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தாலும் போதும்.

ஏன் இலை உதிர்ந்தது? நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. டெல்லியில் ஜனவரி மாத இரவில் 5 டிகிரிக்கும் கீழே போகும். கறிவேப்பிலை சூடான இடத்துச் செடி. குளிரில் அது தூங்குகிறது. தூங்கும் செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். இலை உதிர்கிறதே என்று பயந்து நாம் தினமும் ஊற்றுவோம். வேர் அழுகிவிடும். குளிரில் செத்த செடியைவிட இப்படிச் செத்த செடிதான் அதிகம் என்பேன்.

மாசி பாதியில் குளிர் குறையும். அப்போது மேல் மண்ணைக் கொத்திவிடுங்கள். இரண்டு கை மக்கிய எரு போடுங்கள். காய்ந்த நுனிகளை வெட்டுங்கள். வெயில் படும் இடத்தில் வையுங்கள். அக்கா புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றினார். அது அவர் அம்மா சொன்ன வழி.

விதைப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நம் ஊரில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. டெல்லியில் அது மாசியிலேயே வந்துவிடும். சீக்கிரம் போயும் விடும். சித்திரை பிறந்தால் வெயில் சுடும். வைகாசியில் லூ என்ற அனல் காற்று அடிக்கும். அதனால் விதைக்கும் காலம் குறைவு. பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரைதான் நல்ல காலம். அதைத் தவறவிட்டால் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் அனல் வந்து பூவைக் கருக்கிவிடும்.

போன வருடம் அக்காவுக்கு அதுதான் நடந்தது. ஒரு கடையில் வெண்டை விதை வாங்கினார். விதைத்தார். இரண்டு வாரம் காத்திருந்தார். முளைக்கவில்லை. மறுபடி விதைத்தார். அதுவும் முளைக்கவில்லை. அதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. பொட்டலத்தை எறியாமல் வைத்திருந்தார். இந்த வருடம் வகுப்புக்கு எடுத்து வந்தார். இந்தியும் ஆங்கிலமும்தான் அச்சிட்டிருந்தது. ஆனால் எண்கள் தெரிந்தன. அக்கா விரல் வைத்துப் படித்தார். விதையின் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"தேதின்னு அப்பத் தெரியாம போச்சே டீச்சர். ரெண்டு தடவை காசு கொடுத்தேனே" என்றார்.

விதைப் பொட்டலத்தில் விதையைச் சோதித்த தேதி இருக்கும். எந்த நாள் வரை விதைக்கலாம் என்றும் இருக்கும். சோதித்த நாளிலிருந்து பொதுவாக 9 மாதம். முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்கும். வெண்டைக்குக் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது 100 விதை போட்டால் 65 முளைக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 10 விதை எடுங்கள். ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படாமல் வெதுவெதுப்பாக வையுங்கள். துணி காயக் கூடாது. ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். அக்கா வைத்திருந்த பழைய விதையில் 2 முளைத்தது. புதிதாக வாங்கியதில் 8 முளைத்தது. அந்த எட்டையும் வீணாக்காமல் மெதுவாக எடுத்து மண்ணில் ஊன்றிவிட்டார்.

ஒன்றை மறக்க வேண்டாம். சில விதைகள் சிவப்பாக, பச்சையாக, நீலமாக இருக்கும். அது மருந்து பூசிய விதை. மருந்து விஷம். மீதி விதையைக் குழம்பில் போடக் கூடாது. பறவைக்கும் போடக் கூடாது. குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள்.

நல்ல விதை எங்கே கிடைக்கும்? டெல்லியில் பூசா என்ற இடத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இது 1905-ல் பீகாரில் பூசா என்ற ஊரில் தொடங்கியது. 1934-ல் அங்கே பெரிய பூகம்பம் வந்து கட்டடம் இடிந்தது. 1936-ல் டெல்லிக்கு வந்தார்கள். பழைய ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள், நம் அக்கா கறிவேப்பிலையைக் கொண்டுவந்த மாதிரி! 'பூசா சாவனி' வெண்டை, 'பூசா நவீன்' சுரை, 'பூசா தோ மௌசமி' பாகல் எல்லாம் அங்கே உருவானவைதான்.

எதை எதில் விதைக்கலாம்?

கீரைக்கு ஆழம் வேண்டாம். பழைய பழப்பெட்டி போதும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டைக்கு ஒரு டப்பாவுக்கு ஒரு செடி. 50 நாளில் காய்க்கும். சுரை, பீர்க்கு, பாகல் கொடிகளுக்குப் பெரிய வாளி வேண்டும். வெண்டை விதையை ஓர் இரவு ஊற வையுங்கள். பாகல் விதையின் தோல் கெட்டி. ஒரு நாள் முழுவதும் ஊறட்டும். எந்த டப்பாவானாலும் அடியில் ஓட்டை போடுங்கள். கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

மாடியில் சுரைக்கொடி வைப்பவர்கள் ஒரு குறை சொல்வார்கள். "பூ பூக்குது, பிஞ்சு அழுகி விழுது." காரணம் இதுதான். சுரையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் சின்னக் காய் போல இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேர வேண்டும். பூச்சி வராத உயரத்தில் யார் சேர்ப்பது? நீங்கள்தான்! சுரைப்பூ சாயங்காலம் மலரும். அப்போது ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பாகல் பூவுக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும்.

இந்த மாதத்தில் தளிரின் அடியில் அசுவினிப் பூச்சி கூட்டமாக ஒட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

ஆற்றங்கரைக் கீரை

மயூர் விஹாருக்கும் ஆற்றுக்கும் நடுவில் வயல்கள் உண்டு. அந்த இடத்தைக் காதர் என்பார்கள். யமுனையில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. அதனால் ஆறு சுத்தமாகும் வரை அந்தப் படுகையில் உண்ணும் பயிர் விளைவிக்கக் கூடாது என்று 2015 ஜனவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இதை வகுப்பில் படித்தபோது பெரிய வாக்குவாதம். "அவங்களும் வயித்துப் பிழைப்புக்குத்தானே செய்றாங்க?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. ஆற்றில் அழுக்கை விட்டவர்கள் அவர்கள் இல்லை. ஆனாலும் என் பிள்ளைக்கு என் டப்பாக் கீரை என்று அன்றைக்கே மூன்று பேர் முடிவு செய்தார்கள்.

இலை உதிரும், பூ பூக்கும்

பங்குனியில் வேம்பும் அரசும் இலை கொட்டும். தெருவெல்லாம் சருகு. கொளுத்தாதீர்கள். 2015 ஏப்ரலில் அதே தீர்ப்பாயம் டெல்லியில் இலை எரிப்பதற்கு 5000 ரூபாய் அபராதம் விதித்தது. சருகை ஓட்டை போட்ட சாக்கில் அடைத்து, ஈரமாக்கி, கொஞ்சம் சாணமோ பழைய மண்ணோ போட்டு வையுங்கள். சில மாதத்தில் அது எருவாகிவிடும்.

பார்க்கவும் நிறைய இருக்கிறது. இலவ மரம் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூக்கும். தேன்சிட்டு பால்கனிக் கம்பியில் கூடு கட்டும். கவாத்து செய்த மல்லிகையில் மொட்டு வரும். வேம்பு பூத்தால் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்குப் பூவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மரத்தடியில் துணி விரித்தால் போதும்.

மார்ச் மாதம் ஒரு நாள் அக்கா வகுப்புக்குத் தாமதமாக வந்தார். கையை மூடியபடி வந்தார். என் முன்னால் விரித்தார். உள்ளங்கையில் ஒரே ஒரு கறிவேப்பிலைக் கொழுந்து. முகரச் சொன்னார். பத்துப் பேரும் முகர்ந்தோம். அன்று பாடம் நடக்கவில்லை.

இப்போது அக்காவின் வெண்டை டப்பாவில் ஓர் அட்டை இருக்கிறது. அவரே எழுதியது. 'வெண்டை. விதைத்த நாள் 22 பிப்ரவரி.' வெண்டையில் 'ண்' தலைகீழாக இருந்தது. பிறகு அவரே திருத்தினார்.

பேசுங்கள், எழுதுங்கள்

1. உங்கள் ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த செடி எது? எங்கே நட்டீர்கள்?

2. 10 விதையில் 5 முளைத்தது. உங்களுக்கு 20 செடி வேண்டும். எத்தனை விதை போட வேண்டும்?

3. வீட்டில் உள்ள ஒரு விதைப் பொட்டலத்தையோ மருந்து அட்டையையோ எடுங்கள். அதில் உள்ள தேதியைப் பார்த்து எழுதுங்கள்.