மோட்டல் நடத்திய குடும்பங்கள்: இந்த மாதப் பாடம்



திற்பரப்பு அருவிக்கும் கன்னியாகுமரி கடற்கரைக்கும் வருகிறவர்களுக்கு வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாமா என்று நம் குலசேகரம் பகுதிக் குழுக்களில் பேச்சு வருகிறது. கடன் கேட்டு மனு எழுதும் முன்பு, இதே தொழிலைக் குடும்பமாகச் செய்த நம் நாட்டுக்காரர்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

மோட்டல் என்றால் காரில் போகிறவர்கள் ராத்தங்கும் விடுதி. 'மோட்டார்', 'ஹோட்டல்' இரண்டையும் சேர்த்து இந்தப் பெயர் வந்தது 1925-ல், அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கடலோரத்தை ஒட்டிய சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில். அறை வாசல் வரைக்கும் கார் போகும், அதுதான் புதுமை.

குஜராத்தின் சூரத் பக்கத்திலிருந்து போன கான்ஜி மஞ்சு தேசாய், 1942-ல் அதே மாநிலத்தில் ஒரு சின்ன ஹோட்டலை நண்பர்களோடு குத்தகைக்கு எடுத்தார். 1965-ல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது. 1972-ல் உகாண்டாவில் இடி அமீன் இந்தியர்களை விரட்டினார். அங்கிருந்தும் குஜராத்திலிருந்தும் பட்டேல் குடும்பங்கள் போய், பழைய மோட்டல்களை வாங்கின. இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில்.

பணம் எங்கிருந்து வந்தது? உறவுக்காரர்கள் பத்திரமும் ஜாமீனும் இல்லாமல், பலசமயம் வட்டியும் இல்லாமல் கைமாற்றாகக் கொடுத்தார்கள். வாங்கினவர் நிமிர்ந்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார். நம்ம உட்கடன் மாதிரியேதான். என்ன, அவங்ககிட்ட தீர்மான நோட்டு கிடையாது!

இன்னொரு முதலும் இருந்தது. ஆபீசுக்குப் பின்னால் உள்ள அறையிலேயே குடும்பம் வாழ்ந்தது. ராத்திரி எந்நேரம் மணி அடித்தாலும் எழும்ப வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றுவது, கக்கூஸ் கழுவுவது, துணி துவைப்பது பெரும்பாலும் பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் துண்டு மடித்தார்கள். வேலைக்காரருக்குக் கொடுக்காத அந்தச் சம்பளம்தான் லாபத்தில் பெரும் பங்கு. அந்தப் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டது.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணம்: வாடகை 800 ரூபாய், மாதம் 15 நாள் ஆள் வந்தால் வரவு 12,000. கரண்ட், சோப்பு, சலவை 3,000. கடன் தவணை 4,000. மிச்சம் 5,000 என்று சந்தோஷப்படுவோம். ஆனால் தினம் 2 மணி நேரம் உங்கள் வேலை, மாதம் 60 மணி. மணிக்கு 60 ரூபாய் போட்டாலே 3,600. உண்மையான லாபம் 1,400 மட்டும். ஆள் 13 நாள்தான் வந்தால் அதுவும் இல்லை, பாருங்க.

தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 3,600-ஐ "சம்பளம்" என்று தனி வரியில் எழுதி, உங்கள் பெயரிலுள்ள பாஸ்புக்கில் மாதாமாதம் போட்டுவிடுங்கள். கட்டிடம் யார் பெயரில், தவணை யார் பெயரில் என்பதையும் மனுவோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஊக்குநர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.