மழைக்காலமும் மின்சார வண்டிகளும்

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி என்றதும் விதையில்லாத் திராட்சைதான் நம் நினைவுக்கு வரும். அவ்வூரிலும் சுற்றுப்புற ஊராட்சிகளிலும் தோட்டத்திற்கும் சந்தைக்கும் சென்றுவர இந்நாளில் மின்சார ஸ்கூட்டர்கள் பயன்பட்டு வருகின்றன. பெட்ரோல் செலவைக் குறைக்கும் இவ்வண்டிகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் முறையைக் கிராம மக்கள் செவ்வையாக அறிந்திருத்தல் அவசியம்.

அபாயம் எங்கே?

மழையில் நனைந்த வண்டியே 'ஷாக்' அடிக்கும் எனப் பலர் அஞ்சுகின்றனர். பேட்டரியின் மீது 'ஐ.பி. 67' என்று குறிக்கப்பட்டிருந்தால், அது தூசி புகாதது என்றும், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குமாறு சோதிக்கப்பட்டது என்றும் பொருள். சார்ஜருக்கும் அத்தகைய காப்பு உண்டென்று கொள்ளலாகாது. சுவரிலுள்ள சாதாரணப் பிளக் பாயிண்டுக்கோ அது அறவே இல்லை. ஆகவே நாம் முதலில் கவனிக்க வேண்டியது வீட்டு ஒயரிங்கையே.

வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். அந்நிலையில் உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் போக்க இதில் ஒரு பகுதியே போதும். 5 ஆம்பியர் பியூஸோ 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலன்றி உருகாது. மனிதரைக் காப்பவை இரண்டு: முறையான எர்த் இணைப்பும், ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு தடுப்புக் கருவியும். பின்னது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கூரையுள்ள, தரை ஈரமில்லாத இடத்திலேயே சார்ஜ் ஏற்றுக. சார்ஜரைத் தரையில் வைக்காது உயரமான பலகைமீது வைக்கவும்.

2. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டு இரு முனைப் பாயிண்டில் செருகுதல் கூடாது. ஒட்டுப்போட்ட ஒயரும் ஆகாது.

3. ஒயர், பாயிண்டைவிடத் தாழ்ந்து வளைந்து தொங்கட்டும். வழிந்துவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

4. கையைத் துடைத்து, செருப்பணிந்து, சுவிட்சை அணைத்த பின்னரே பிளக்கைச் செருகவோ பிடுங்கவோ வேண்டும். இடி மின்னல் நெருங்குமுன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுதல் நலம்.

தோட்டத்தில் எச்சரிக்கை

பம்ப் செட் கொட்டகையிலிருந்து ஒயரை இழுத்துத் திராட்சைப் பந்தலின்மீது போட்டு வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுதல் பேராபத்தாகும். பந்தல் முழுவதும் இரும்புக் கம்பி. ஒயரில் ஓரிடம் தோல் உரிந்திருந்தாலும் கம்பிகளில் மின்சாரம் பரவும். எங்கோ ஒரு மூலையில் குலை பறிப்பவர் உயிருக்கே அது உலை வைக்கும். மேலும் விவசாயத்திற்கென அளிக்கப்படும் இலவச மின்சாரத்தை வண்டிக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகமாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்த பின்னர் தீப்பற்றின. உள்ளே புகுந்த நீர் பேட்டரியில் மின்குறுக்கை உண்டாக்கியதே காரணம். உப்பு நீரில் இவ்வபாயம் மிகுதி. எனினும் ஓடை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் நம்பலாகாது. அதை இயக்காமலும் சார்ஜ் ஏற்றாமலும் வீட்டைவிட்டு விலக்கித் திறந்தவெளியில் நிறுத்தி, விற்பனை நிலையத்தாரை அழைத்துச் சோதிக்கவேண்டும்.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 108-ஐ அழைக்கவும்.

ஆர்.சி.சி.பி. கருவியின் விலை, வண்டி விலையில் சிறு பங்கே. ஊராட்சி மன்றங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஐப்பசி பிறக்குமுன்பே உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு வீடுதோறும் எர்த்தைச் சோதிக்க ஏற்பாடு செய்வார்களாயின், மழைக்காலத்தை நாம் அச்சமின்றி வரவேற்கலாம்.