நோயாளியைத் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எப்படி?



வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி வந்துவிட்டால், "எப்படிக் கொண்டு போறது?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. வீடோ தோட்டத்துக்குள்ளே, பெரிய ரோடோ தூரம். நம் பிள்ளைகளில் சிலர் கடல் தாண்டி சரவாக், சபா பக்கம் வேலைக்கும் போயிருக்கிறார்கள். அங்கே படுத்துவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவர விமானம்தான் வழி. இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1. உடனே போக வேண்டிய நோய்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், நினைவு தப்புதல், திடீரென்று வாய் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்துபோதல் ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. 999-க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகையால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள்.

இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன், எந்த ரோட்டிலிருந்து எந்த சிம்பாங்கில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். இரண்டையும் சொல்லுங்கள். ஒரு பையனை டார்ச் லைட்டோடு சிம்பாங்கில் நிறுத்துங்கள். மரத்திலிருந்து விழுந்து முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைத் தூக்கி லோரியில் போடாதீர்கள். அசைக்காமல் படுக்க வையுங்கள்.

2. ஆஸ்பத்திரி மாற்றுவது

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலிருந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அப்படி அனுப்பும்போது அந்த ஆஸ்பத்திரியோடு பேசி, ஆம்புலன்ஸில் ஆள் வைத்து அனுப்புவார்கள். அவசரப்பட்டு நாமே கையெழுத்துப் போட்டு நோயாளியை வெளியே கொண்டு வந்தால், வழியில் மூச்சு முட்டினால் யார் பார்ப்பது?

3. விமானத்தில் வரும் உதவி

1928-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் பிளின் என்ற பாதிரியார் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். நம் நாட்டில் 1973 முதல் சரவாக்கின் உள்பகுதி மக்களுக்கு அரசாங்கமே இப்படிப்பட்ட சேவையை நடத்தி வருகிறது.

இன்னொரு வகையும் உண்டு. சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் தொண்டு மனத்தோடு ஏழை நோயாளிகளை இலவசமாக ஏற்றிச் செல்வார்கள். அமெரிக்காவில் 1983-லும், ஆஸ்திரேலியாவில் 2003-லும் 'ஏஞ்சல் பிளைட்' என்ற பெயரில் இத்தகைய அமைப்புகள் தொடங்கின. இவை ஆம்புலன்ஸ் ஆகா. விமானத்தில் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளி தானாக ஏறி உட்கார முடிய வேண்டும். டாக்டர் சம்மதம் தர வேண்டும். மழை, மேகம் என்றால் பயணம் நின்றுவிடும். அதனால் வேறு வழியும் தயாராக வைத்திருக்கச் சொல்வார்கள். இந்த நிபந்தனைகள் நமக்கும் பாடம்.

4. சரவாக்கிலிருந்து கொண்டுவர

கூச்சிங்கிலிருந்து சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆனால் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. விமானம் மேலே பறக்கும்போது, ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் உள்ளே காற்று மெலிந்துவிடும். நெஞ்சு, நுரையீரல் பலவீனமானவருக்கு அது தாங்காது. அண்மையில் ஆபரேஷன் ஆனவருக்கும், நெஞ்சுக்கூட்டில் காற்று கட்டியவருக்கும் ஆபத்து.

ஆகவே முதலில் டாக்டரிடம், "இவர் பறக்கலாமா?" என்று கேளுங்கள். விமான நிறுவனத்திடம் 'மெடிஃப்' என்ற மருத்துவ பாரத்தை வாங்கி டாக்டரை நிரப்பச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி, ஆக்சிஜன், படுக்கை எது வேண்டுமானாலும் பல நாள் முன்னதாகவே சொல்ல வேண்டும். படுக்கை வைத்தால் பல இருக்கைகளுக்குக் காசு கேட்பார்கள். எவ்வளவு வெள்ளி என்று முதலிலேயே கேளுங்கள். வேலையில் அடிபட்டவர் என்றால் பெர்கேசோவிலும் விசாரியுங்கள்.

இங்கே எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும், விமான நிலையத்திலிருந்து எந்த வண்டி ஏற்றும் என்பது உறுதியான பிறகே புறப்படச் சொல்லுங்கள். இறங்கிய இடத்தில் நோயாளியை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது அல்லவா?

5. கையில் இருக்க வேண்டியவை

அடையாளக் கார்டு, ஆஸ்பத்திரிக் கார்டு, டாக்டர் கடிதம், எக்ஸ்ரே, மருந்துகள். மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கையிலேயே வையுங்கள். கூட ஒருவர் போக வேண்டும். நோயாளிக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

பணமும் வண்டியும் சேர்க்கத் திணறும் குடும்பங்கள் தனியாகத் தவிக்க வேண்டாம். கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். வாய் திறந்து கேட்பதில் வெட்கம் இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் உங்கள் டிவிஷனில் இரவில் வண்டி எடுக்கக்கூடியவர் யார் என்று பேசி, பெயரையும் போன் நம்பரையும் எழுதி ஒட்டி வையுங்கள். ஆபத்து இரவில்தான் கதவைத் தட்டும்.