பருப்புத் தண்ணியில் பருப்பு எங்கே?

குளத்தூர் பக்கத்து வீடுகளில் பல் விழுந்த பெரியவர்களுக்குப் பாசத்தோடு கொடுப்பது பெரும்பாலும் இதுதான்: காலையில் டீயும் ரஸ்க்கும், மதியம் பருப்புத் தண்ணி ஊற்றிப் பிசைந்த சோறு, ராத்திரிக்குக் கஞ்சி. வயிறு நிறைகிறது, சதை கரைகிறது. தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஆள் கேட்கும்போது, "வயசாச்சுல்ல" என்று வீடு சமாதானம் சொல்லிக்கொள்கிறது. வயதோடு தட்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் எடை. மாதம் ஒருமுறை, ஒரே தராசில். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் தானாகக் குறைந்தால் கீரனூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். தராசு இல்லையென்றால் தையல் டேப் எடுத்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சதை குறைந்திருக்க வாய்ப்புண்டு. கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது.

அடுத்து வாய். ஆடும் பல், பொருந்தாத பல்செட், வாய்ப்புண். இவற்றைச் சரிசெய்யாமல் சமையலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எல்லோரும் சறுக்குவது புரதத்தில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்ன அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதுமை ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள அப்பத்தாவுக்கு நாளைக்கு 50, 60 கிராம். பருப்பை வேகவைத்துத் தெளிந்த தண்ணியை மட்டும் இறுத்துக் கொடுத்தால் புரதத்தில் பெரும்பங்கு சட்டியிலேயே தங்கிவிடும். சூப்பும் அப்படித்தான், குடித்தால் கறி தின்ற கணக்கு ஆகாது.

துவரம் பருப்பைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து முழுவதையும் கொடுக்க வேண்டும். 30 கிராம் பருப்பில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அதே அளவு. அவித்த மஞ்சள்கரு தொண்டையை அடைக்கிறது என்பவர்களுக்கு, கொதிக்கும் ரசத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, நன்றாக வெந்ததும் சோற்றோடு பிசைந்தால் பல்லே தேவையில்லை. வறுத்த நிலக்கடலையைத் தோல் புடைத்து, நைசாகப் பொடித்துக் கேப்பைக் கூழில் கலக்கலாம். 30 கிராம் கடலையில் 7 கிராம் கிடைக்கும். முழுக் கடலை கூடாது, புரையேறும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பதே நல்லது. விலை கூடிய சத்துமாவு டப்பாவுக்குப் போகும் காசுக்கு முட்டை வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். கடைக்கு நடக்க முடியாதவர்களுக்காக, வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 70 வயது கடந்தவர்களுக்கென 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

டீயைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. கேட்காவிட்டாலும் மோரோ நீராகாரமோ கையில் கொடுக்க வேண்டும்.

சர்க்கரை நோய் என்று பயந்து அரைவயிறு போடுவது பெருந்தவறு. சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுக் குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் மாத்திரை கொண்டுவரும்போது, பசி குறைந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படுத்தபடி ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் கழித்துச் சாயவிட வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால், விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிய பிறகே உணவின் பதத்தை முடிவுசெய்ய வேண்டும்.